சின்ன ஆன்டெனாவிடம் எவ்வளவு கேட்கலாம்?

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீரடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 1990இல் தொடங்கப்பட்டது. அங்கே நிற்கும் கோபுரங்களின் உயரம் 471 மீட்டர். இந்தியாவில் மனிதக் கை எழுப்பியவற்றில் அதைவிட உயரமானது வேறில்லை. ஆனால் ஆன்டெனாக் கணக்கில் அது குட்டை ஆன்டெனா. அது இயங்கும் 18.2 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 16.5 கிலோமீட்டர். கோபுரம் அதில் 3 சதவீதம்கூட இல்லை. எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும் அந்தக் கம்பத்தின் கதிர்வீச்சு மின்தடை, அதாவது அலையாகக் கிளம்பும் சக்திக்கு ஈடான மின்தடை, 1.3 ஓமைத் தாண்டாது. மண்ணிலும் கம்பியிலும் அரை ஓம் வீணானால் சக்தியில் கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகிப் போகும். இத்தகைய நிலையங்களில் தரைக்கடியில் ஏன் அவ்வளவு செம்புக் கம்பியைப் புதைக்கிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும்.

பால்கனியில் லூப் கட்டும் ஹாம் ரேடியோ நண்பரும், தீப்பெட்டி அளவு போர்டில் சென்சார் செய்யும் மாணவரும் முட்டிக்கொள்வது இதே சுவரில்தான். சுவர் எங்கே நிற்கிறது என்று கணக்கிடப் பள்ளிக் கால்குலேட்டர் போதும். அந்தக் கணக்கைக் கற்றுத் தருவதும், அதை வைத்து விளம்பரங்களையும் உங்கள் சொந்தக் கைவேலையையும் சோதிக்கச் சொல்வதுமே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கோளத்தை வரைந்துகொள்ளுங்கள்

ஆன்டெனா முழுவதும் உள்ளே அடங்கும்படி மனத்தில் ஒரு கோளம் வரையுங்கள். அலைநீளத்தை 6.28ஆல் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். உங்கள் கோளத்தின் ஆரம் அந்த நீளத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். இனி அதை 'விகிதம்' என்றே சொல்கிறேன். விகிதம் 0.5க்குக் கீழே வந்தால் அது மின்னியல் கணக்கில் சிறிய ஆன்டெனா. மீட்டரும் சென்டிமீட்டரும் இங்கே பொருட்டல்ல. விஜயநாராயணத்துக் கோபுரமும் கார்ச்சாவியும் ஒரே பட்டியலில் வருவது இதனால்தான்.

1947இல் ஹரால்ட் வீலர் சிறிய ஆன்டெனாவின் அடிப்படை வரம்பைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லான் ஜென் சூ, கோளத்துக்குள் என்ன வடிவம் இருந்தாலும் பொருந்தும்படியாக அதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1996இல் மெக்லீன் துல்லியமாக்கிக் கொடுத்த வடிவம்தான் இன்று பயன்படுவது:

கியூ = 1 ÷ (விகிதத்தின் மும்மடி) + 1 ÷ விகிதம்

கியூ என்றால் என்ன? ஆன்டெனாவைச் சுற்றிக் கொஞ்சம் ஆற்றல் வெளியே போகாமல், ஒவ்வொரு சுழற்சியிலும் போவதும் வருவதுமாக இருக்கும். அப்படித் தேங்கி நிற்கும் ஆற்றலையும் அலையாகக் கிளம்பிப் போகும் ஆற்றலையும் ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணே கியூ. ஆன்டெனா சிறுக்கச் சிறுக்கத் தேக்கம் மும்மடியாக ஏறுகிறது. அளவைப் பாதியாக்கினால் கியூ 8 மடங்கு. கியூ ஏறினால் பேண்ட்வித் சுருங்கும். எஸ்டபிள்யூஆர் (திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு) 2க்குள் இருக்கும் பேண்ட்வித் வேண்டுமானால் அதிர்வெண்ணை கியூவால் வகுத்து 0.7ஆல் பெருக்குங்கள்.

மேலே உள்ள வாய்பாடு தருவது எந்த இழப்பும் இல்லாத ஆன்டெனாவுக்கான மிகக் குறைந்த கியூ. அதற்குக் கீழே ஒரே ஒரு வழியில் மட்டும் போகலாம்: சக்தியைச் சூடாக்கி வீணடிக்க வேண்டும். அளவு, பேண்ட்வித், பயனுறுதிறன் மூன்றும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. இரண்டை நீங்கள் தேர்ந்தால் மூன்றாவது தானாக முடிவாகிவிடும். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஏசி குழாயில் ஒரு லூப்

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இது மனத்தில் பதியும். அடுக்குமாடியில் 20 மீட்டர் டைபோல் கட்ட இடமில்லாதவர்கள் முதலில் நாடுவது மேக்னெடிக் லூப். ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் 7/8 இன்ச் செம்புக் குழாய், அதாவது 22 மில்லிமீட்டர், வாங்கி 1 மீட்டர் விட்டத்தில் வளைத்து, இரு முனைகளுக்கிடையே ட்யூன் செய்ய ஒரு கெபாசிட்டரை வைக்கிறீர்கள். இயக்கப்போவது 7.1 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 42 மீட்டருக்குச் சற்று மேல்.

இந்த லூப்பின் கதிர்வீச்சு மின்தடை 0.006 ஓம். எழுத்துப் பிழை இல்லை, ஆயிரத்தில் ஆறு ஓம்தான். குழாயின் மேற்தோலில் மட்டும் ஓடும் மின்னோட்டத்துக்குச் செம்பு காட்டும் மின்தடை 0.032 ஓம். உள்ளே அனுப்பும் ஒவ்வொரு 38 பங்கிலும் 6 பங்கு அலையாகிறது, 32 பங்கு குழாயைச் சூடாக்குகிறது. பயனுறுதிறன் 16 சதவீதம்.

அதே லூப்பை 14.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோங்கள். கதிர்வீச்சு மின்தடை 0.094 ஓமாக ஏறுகிறது, செம்பின் இழப்பு 0.045 ஓம்தான். பயனுறுதிறன் 68 சதவீதம். குழாயும் வளைவும் வேலையும் ஒன்றே; அதிர்வெண் இரட்டித்ததும் கதிர்வீச்சு மின்தடை 16 மடங்காகிவிட்டது. 7.1லேயே இருந்துகொண்டு விட்டத்தை 2 மீட்டராக்கினாலும் ஏறக்குறைய இதே பலன்: 60 சதவீதம். மாறாக, காசை மிச்சம்பிடிக்க 1 மீட்டர் லூப்பை கால் இன்ச் குழாயில் செய்தால் 5 சதவீதம்தான் மிஞ்சும்.

ஆகவே என் யோசனை இது. இடமிருந்தால் முதலில் விட்டத்தைக் கூட்டுங்கள். அது முடியாதபோது குழாயைத் தடிமனாக்குங்கள். அதற்குப் பிறகு பணமும் கவனமும் போக வேண்டிய இடம் இணைப்புகள். மொத்தமே 38 மில்லிஓம் உள்ள சுற்றில், ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டதால் 30 மில்லிஓம் கூடினால் 16 சதவீதம் 9 ஆகிவிடும். சாதாரண மல்டிமீட்டரில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கெபாசிட்டருக்கும் குழாய்க்கும் இடையில் வெள்ளி கலந்த பற்றவைப்பு அல்லது அகலமான செம்புப் பட்டை போடுங்கள். சுழலும் தட்டுகளுக்கு உராயும் தொடுமுனை வழியாக மின்னோட்டம் போகும் கெபாசிட்டரைத் தவிருங்கள். அத்தகைய தொடுமுனையே இல்லாத பட்டாம்பூச்சி வகை, அல்லது கையில் காசிருந்தால் வெற்றிடக் கெபாசிட்டர் நல்லது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த லூப்பில் 100 வாட் ஏற்றினால் குழாயில் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும், கெபாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே உச்ச மின்னழுத்தம் 8,000 வோல்ட்டை நெருங்கும். 10 வாட்டில்கூட அது 2,500 வோல்ட். பால்கனிக் கம்பியில் துணி உலர்த்துபவர், பக்கத்தில் விளையாடும் குழந்தை, இவர்களை மனத்தில் வைத்து இடம் தேர்ந்தெடுங்கள். ஒலிபரப்பும்போது யாரும் கைநீட்டித் தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது.

16 சதவீதம் என்றதும் சோர்ந்துபோக வேண்டாம். அது 8 டெசிபெல் இழப்பு. எதிர்முனையில் எஸ்-மீட்டர் ஒன்றேகால் புள்ளி இறங்கும். 100 வாட் அனுப்பினால் 16 வாட் காற்றில் போகிறது. மோர்ஸுக்கும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளுக்கும் அது தாராளம். வீட்டில் வேறு வழியில்லாதவருக்கு நான் தயங்காமல் லூப்பைத்தான் சொல்வேன்.

பேண்ட்வித்தை முதலில் கேளுங்கள்

இந்த லூப்புக்கு மேலே சொன்ன வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள். விகிதம் 0.074. கியூவின் அடிமட்ட வரம்பு ஏறத்தாழ 2,440. கோளம் முழுவதையும் மிகச் சிறப்பாகப் பயன்படுத்தும் இழப்பற்ற ஆன்டெனாவாக இருந்தாலும் எஸ்டபிள்யூஆர் 2க்குள் கிடைப்பது 2 கிலோஹெர்ட்ஸ்தான். தட்டையான லூப் கோளத்தின் பெரும்பகுதியைச் சும்மா விட்டுவிடுவதால் அதன் இழப்பற்ற கியூ 18,000ஐத் தொடும். அப்படியொரு லூப்பை மீக்கடத்தியில் செய்ய முடிந்தால் அதன் பேண்ட்வித் 300 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. பேச்சுக்கே 2.5 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். செம்பின் இழப்புதான் அந்த லூப்பில் குரல் போக இடம் விடுகிறது.

இதைத் தலைகீழாகத் திருப்பினால் அருமையான ஓர் அளவுகோல் கிடைக்கும். இந்தியாவில் 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. '1 மீட்டர் அளவுதான், ட்யூன் செய்யவே வேண்டாம், முழு பேண்டும் எஸ்டபிள்யூஆர் 2க்குள்' என்று ஒரு விளம்பரம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு கியூ 25 இருக்க வேண்டும். அடிமட்டமோ 2,440. 25ஐ 2,440ஆல் வகுங்கள்: பயனுறுதிறன் ஒரு சதவீதத்தைத் தாண்ட வழியில்லை. மேட்சிங் சுற்றில் பல கட்டங்கள் சேர்த்து பேண்ட்வித்தை நீட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் எண்ணற்ற கட்டங்கள் போட்டாலும் எஸ்டபிள்யூஆர் 2 என்ற அளவுக்குக் கோட்பாடு அனுமதிப்பது 4 மடங்கு. ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும், அதிலும் காயில்களின் இழப்பு ஒரு பங்கைத் தின்றுவிடும். எவ்வளவு சலுகை கொடுத்தாலும் அந்த விளம்பர ஆன்டெனா 4 சதவீதம்தான்.

உங்கள் சொந்த லூப்புக்கும் இதே சோதனைதான். நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுக் கருவியை இணைத்து எஸ்டபிள்யூஆர் 2 தொடும் இரண்டு அதிர்வெண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 22 மில்லிமீட்டர் லூப்பில் செம்பின் இழப்பு மட்டும் இருந்தால் இடைவெளி 1.7 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும். உங்களுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் வந்தால் 'அகலமாக இருக்கிறது, வசதிதான்' என்று விட்டுவிடாதீர்கள். மொத்த மின்தடை 0.11 ஓமுக்கு ஏறியிருக்கிறது, பயனுறுதிறன் 5 சொச்சம். எங்கோ ஒரு மோசமான இணைப்பு இருக்கிறது, அல்லது பக்கத்து இரும்புக் கிராதியும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் சக்தியை உறிஞ்சுகின்றன. லூப்பை ஒரு மீட்டர் தள்ளி வைத்துத் திரும்ப அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

எஸ்டபிள்யூஆர் சொல்லாதது

எஸ்டபிள்யூஆர் 1 என்றால் டிரான்ஸ்மிட்டரிலிருந்து போன சக்தி திரும்பி வரவில்லை என்று அர்த்தம். போன சக்தி எங்கே போனது என்று அது சொல்வதில்லை. டம்மி லோடில் எஸ்டபிள்யூஆர் பிரமாதமாக இருக்கும்.

காரில் வைக்கும் 2.4 மீட்டர் விப் ஆன்டெனா இதற்கு நல்ல உதாரணம். 7.1 மெகாஹெர்ட்ஸில் அடியில் காயில் வைத்து ட்யூன் செய்தால் கதிர்வீச்சு மின்தடை சுமார் 1.3 ஓம். காயில் நல்லதாக இருந்தால் 3, 4 ஓம் இழப்பு. காரின் உடலும் தரையும் சேர்ந்து 10 ஓம் என்று கொள்ளலாம். மொத்தம் 15 ஓம், பயனுறுதிறன் 8 அல்லது 9 சதவீதம், எஸ்டபிள்யூஆர் 3க்கு மேல். இதே விப் ஒருவருக்கு மேட்சிங் எதுவும் இல்லாமலே எஸ்டபிள்யூஆர் 1 காட்டினால், அவருடைய மொத்த மின்தடை 50 ஓம், அதாவது இழப்பு மட்டும் 48 ஓமுக்கு மேல். பயனுறுதிறன் இரண்டரை சதவீதம். தரைக் கம்பிகளைக் கூட்டிய பிறகு எஸ்டபிள்யூஆர் ஏறினால் பதற்றப்படாதீர்கள். ஆன்டெனா முன்பைவிட நன்றாகியிருக்கிறது. ஏறியதை ஒரு ஷண்ட் காயிலாலோ சின்ன டிரான்ஸ்ஃபார்மராலோ சரிசெய்துகொள்ளலாம்.

தீப்பெட்டி அளவு போர்டில்

'433 மெகாஹெர்ட்ஸ் அதிக தூரம் போகும், அதையே எடுத்துக்கொள்' என்ற அறிவுரையை சென்சார் செய்பவர்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். முழு அளவு ஆன்டெனா வைக்க இடமிருந்தால் அது சரி. 17 சென்டிமீட்டர் கம்பியை வெளியே நீட்ட முடிந்தால் நானும் 433ஐத்தான் சொல்வேன். 866க்கு எதிராக 6 டெசிபெல் சாதகம் அங்கே உண்டு.

ஆனால் போர்டு 4 சென்டிமீட்டர்தான், எதுவும் வெளியே நீளக்கூடாது என்றால் கணக்கு மாறிவிடும். 866 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கோளத்தின் விகிதம் 0.36; கியூவின் அடிமட்டம் 24; பேண்ட்வித் 26 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைக்கலாம். உரிமம் வேண்டாத 865 முதல் 868 வரையிலான இடத்துக்கு அது போதும்; பிளாஸ்டிக் பெட்டியும் கையும் அருகில் வந்து ட்யூனிங்கை இழுத்தாலும் தாங்கும். 433இல் விகிதம் 0.18, கியூ 172, பேண்ட்வித் 1.8 மெகாஹெர்ட்ஸ். பெட்டியை மூடினாலே ட்யூனிங் அதைவிட அதிகமாக நகர்ந்துவிடும். அதைச் சமாளிக்க வடிவமைப்பாளர் இழப்பைச் சேர்த்து அகலப்படுத்துவார். அப்போது போவது ஏறத்தாழ 8 மடங்கு, அதாவது 9 டெசிபெல். 433 தந்த 6 டெசிபெல் சாதகம் அதிலேயே கரைந்துவிடும். போர்டு அளவு முடிவான பிறகு அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள். முன்னதாகவே தேர்ந்துவிட்டு அவதிப்பட வேண்டாம்.

சிப் ஆன்டெனா வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரிசிமணி போன்ற அந்தத் துண்டு மட்டும் ஆன்டெனா இல்லை. மின்னோட்டம் ஓடும் எல்லாமே கோளத்துக்குள் வர வேண்டும். போர்டின் கிரவுண்ட் செம்பிலும் அது ஓடுகிறது. டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் பயனுறுதிறன் அவர்களுடைய சோதனைப் போர்டில் அளந்தது, அந்தப் போர்டின் நீளமும் அதே பக்கத்தில் எங்காவது கொடுக்கப்பட்டிருக்கும். உங்கள் போர்டு அதில் பாதி என்றால் அந்த எண்ணை நம்பித் திட்டம் போடாதீர்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது கிரவுண்ட் தளத்தின் நீளம். சிப்பின் பிராண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வரம்பை மீறியதாகச் சொல்லும் பல அதிசய ஆன்டெனாக்களுக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத் தோலில் மின்னோட்டம் ஓடும்போது பத்து மீட்டர் கேபிளும் ஆன்டெனாதான். கோளம் பெரிதாகிவிட்டது, சூவின் கணக்கு உடையவில்லை. இப்படி ஒன்றைச் சோதிக்க வந்தால், ஆன்டெனா அடியில் கேபிளை ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றி ஒரு சோக் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். சிக்னல் சட்டென்று விழுந்தால் அதுவரை பேசியது கேபிள்.

கேட்பதற்கு மட்டுமானால்

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 416 மீட்டர். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் இருப்பது விரல் நீள ஃபெரைட் கம்பி. அதன் பயனுறுதிறன் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, இருந்தும் செய்தி தெளிவாகக் கேட்கிறது. மத்திய அலையிலும் சிற்றலையின் கீழ்ப் பகுதியிலும் வானத்திலிருந்தும் வீட்டு மின்கருவிகளிலிருந்தும் வரும் இரைச்சல் மிக அதிகம். ஆன்டெனா மோசமாக இருந்தால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையாது. ரிசீவரின் சொந்த இரைச்சலுக்குக் கீழே போகாதவரை கவலையில்லை. ஆகவே 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்க மட்டும் விரும்புகிறவர் சின்ன லூப்போடு நிம்மதியாக இருக்கலாம். இரைச்சல் வரும் திசைக்கு அதன் பூஜ்ய முகத்தைத் திருப்பிவிட்டால் நீளக் கம்பியைவிட நன்றாகவே கேட்கும்.

ஜிபிஎஸ்ஸில் இந்தச் சமாதானம் செல்லாது. 1,575 மெகாஹெர்ட்ஸில் வானம் அமைதியானது, செயற்கைக்கோள் சிக்னலோ மிகப் பலவீனமானது. அங்கே இழந்த ஒவ்வொரு டெசிபெலும் இழந்ததுதான்.

பாத்திரத்தால் மூடி அளப்பது

பயனுறுதிறனை அளக்கப் பெரிய சோதனைக்கூடம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய ஆன்டெனாவுக்கு வீலர் 1959இல் ஓர் எளிய வழி சொன்னார். அலைநீளத்தை 6.28ஆல் வகுத்து வரும் ஆரத்தில் ஓர் உலோக மூடியால் ஆன்டெனாவை மூடிவிட்டால் கதிர்வீச்சு நின்றுவிடும், இழப்பு மட்டும் அப்படியே இருக்கும். திறந்தபோதும் மூடியபோதும் மின்தடையை அளந்தால் போதும்.

866 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த ஆரம் ஐந்தரை சென்டிமீட்டர். 12 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பாத்திரம் பொருத்தமாக இருக்கும். எவர்சில்வர் வேண்டாம், அதன் மின்தடை செம்பைப் போலப் பல மடங்கு. மூடியின் இழப்பும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு அலுமினியத் தகட்டின் நடுவில் துளையிட்டு எஸ்எம்ஏ கனெக்டரைக் கீழிருந்து பொருத்தி, அதன் மேல் ஆன்டெனாவை நிறுத்துங்கள். நானோவிஎன்ஏவை ஆன்டெனாவின் அடிமுனையிலேயே காலிப்ரேட் செய்யுங்கள். ஒத்ததிர்வில் மின்தடையைக் குறித்துக்கொண்டு பாத்திரத்தைக் கவிழ்த்து, விளிம்பு முழுவதும் தகட்டோடு ஒட்டும்படி செம்பு டேப்பால் சுற்றிலும் ஒட்டுங்கள். ஒத்ததிர்வு சற்றே நகரும். புதிய இடத்தில் மறுபடி மின்தடையைப் பாருங்கள். திறந்தபோது 20 ஓம், மூடியபோது 8 ஓம் என்றால், கதிர்வீச்சுக்குப் போனது 12 ஓம், பயனுறுதிறன் 60 சதவீதம்.

விளிம்பில் ஓர் இடத்தில் டேப் தூக்கியிருந்தாலும் எண் மாறும். ஆகவே பாத்திரத்தைத் திருப்பி வைத்து மூன்று நான்கு முறை அளந்து, ஒத்துப்போகும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா பாத்திரத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. தகட்டின் மேல் நிற்காத, பேட்டரியில் ஓடும் தனிப் போர்டாக இருந்தால் இந்த முறையை அப்படியே பின்பற்ற முடியாது. அளப்பதற்காக நீங்கள் சொருகும் கேபிளே போர்டை நீளமாக்கிவிடும். அப்போது கேபிளில் போர்டை ஒட்டி வரிசையாக ஃபெரைட் மணிகள் கோத்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கையால் பிடித்து மேலும் கீழும் நகர்த்தும்போது திரையில் வளைவு அசையாமல் இருக்கும்வரை மணிகளைக் கூட்டிக்கொண்டே போங்கள். அதன் பிறகு பாத்திரத்தைக் கையில் எடுக்கலாம்.